மீசை எடுத்த வாத்தியார்

வெயிலுகந்தன் வாத்தியாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலையில். பக்கவாதம் வந்து படுத்திருந்தார். வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிட்டுப் போகும்படி அவருடைய மனைவி தாயம்மாள் ஆள் அனுப்பியிருந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தளவாய் உட்கார்ந்திருந்தார். அவரும் வாத்தியார்தான். வெயிலுகந்தன் வாத்தியாரிடம் படித்து, பிறகு அதே பள்ளிக்கூடத்துக்குச் சரித்திரம் நடத்த வந்தவர். தலை நரைத்த பிறகும் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டார்.

நான் சோப்பு நுரை தடவி, கன்னத்தையும் மேலுதட்டையும் வழித்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் கத்தியை மெதுவாக ஓட்ட வேண்டியிருந்தது. துடைத்துவிட்டு நகர்ந்ததும் தளவாய் குனிந்து கேட்டார்.

“ஐயா, செண்பகவல்லி விஷயத்தில என்மேல உங்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கா?”

வாத்தியாரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. நோயில் குரல் போய்விட்டிருந்தது. ஆனாலும் நீளமாகவே சொன்னார். கண்கள் தளவாயின் முகத்தைவிட்டு நகரவில்லை.

“விளங்கலை ஐயா. இன்னொரு தடவை.”

உதடுகள் மறுபடி அசைந்தன. அதே பொறுமையோடு, முதலிலிருந்து.

தளவாய் தலையாட்டினார். “சரிங்க ஐயா. சரிங்க.”

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டேன். “என்ன சார் சொன்னாரு?”

“தெரியலை நாயகம்.”

“தலையாட்டுனீங்களே?”

தளவாய் ஒரு காலில் செருப்பை மாட்டினார். பிறகு மற்றதையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிவதற்குள் வாத்தியார் இறந்துபோனார். அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தளவாய் ஏன் தலையாட்டினார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

செண்பகவல்லி, தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் முப்பிடாதியின் மூத்த மகள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் நின்றது, காது போயிற்று.

அதற்குள் பேச்சு வந்திருந்ததால் பேச்சு தங்கிவிட்டது. ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே மட்டத்தில், உரக்கப் பேசுவாள். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று பிடித்துக்கொள்வாள். யாரும் சொல்லித் தந்ததில்லை. பிழைக்க வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டாள்.

எட்டாம் வகுப்புவரை அவளுக்கு வாய்த்தவர்கள் எல்லோரும் பெண் டீச்சர்கள். நன்றாகவே படித்தாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் வர வேண்டும். என் சலூன் அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு நேர் எதிரே இருந்தது. முப்பிடாதி கேட்டருகே நின்று வெயிலுகந்தன் வாத்தியாரிடம் பேசியது எனக்குக் கேட்டது.

“நீங்க கேக்கீங்கன்னு சேக்கேன் சார். ஆனா ஒரு பேச்சு. அரைப் பரிச்சைவரைக்கும் பாப்பேன். ஒரு பாடத்தில பெயிலானாலும் எங்கூட ஆபீசுக்கு வந்துரணும். இவளுக்குக் கீழ மூணு இருக்கு.”

“பாஸ் ஆயிட்டா?”

“பதினொண்ணுவரைக்கும் படிக்கட்டும். நான் குறுக்க வரமாட்டேன்.”

“சரி” என்றார் வாத்தியார்.

முப்பிடாதி சொன்ன சொல் மாறமாட்டாள். அது ஊருக்கே தெரியும். அப்போது பதினோராம் வகுப்புதான் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை.

*

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் சவரத்துக்கு வந்திருந்தார். தளவாய் பெஞ்சில் காத்திருந்தார். பருத்தித் தரகர் கொண்டல்சாமி, வேலை எதுவும் இல்லாமல், பேப்பர் படிக்க வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம்” என்றார் தளவாய்.

“கேளு.”

“அந்தச் செண்பகவல்லி. நாற்பது பேருக்கு எப்படியோ அப்படித்தான் அவளுக்கும் பாடம் நடத்துறேன். வித்தியாசமே பாக்கிறதில்லை. முன்பெஞ்சில உட்கார வச்சிருக்கேன். விளங்குதான்னு கேட்டாத் தலையாட்டுறா. கேள்வி கேட்டா ஒண்ணும் தெரியலை.”

“என் வகுப்பிலயும் அப்படித்தான்.”

“உங்க வகுப்பிலயுமா?”

“ஆமா. முந்தாநாள் கூப்பிட்டுக் கேட்டேன். சிலேட்டில எழுதிக் காட்டிக் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“‘நீங்க பேசுறது மீசைக்குள்ள போயிருது சார்’ன்னா.”

கொண்டல்சாமி பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

வாத்தியாருக்கு எங்கள் ஊரில் மீசை வாத்தியார் என்றுதான் பெயர். மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டில் இறங்கி நிற்கும் மீசை. அவர் காப்பி குடித்தால் முதல் மடக்கை மீசை குடிக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நாயகம், எடுத்திரு.”

“நுனியைக் கத்தரிக்கவா சார்?”

“முழுசும்.”

என் கை நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் பெற்றவர்களோ கட்டின பெண்டாட்டியோ இறந்தால்தான் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். வாத்தியாரின் அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள். இரண்டு தடவையும் கண்மாய்க் கரையில் வைத்து எடுத்தவன் நான்தான்.

“சார், வீட்டில யாருக்கும்…”

“யாருக்கும் ஒண்ணுமில்லை. எடு.”

“என்னவே வாத்தியாரே” என்றார் கொண்டல்சாமி, “பங்குனிக் கோயில் கொடைக்குப் பொம்பளை வேஷம் கட்டப்போறீரா?”

“நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு வாரும். என்ன வேஷம்னு பார்த்துட்டுப் போகலாம்.”

நான் எடுத்தேன். இருபது வருஷம் வெயில் படாத மேலுதடு வெளுத்துப்போய்க் கிடந்தது. வாத்தியார் கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொல்லிப் பார்த்தார். பிறகு தளவாய் பக்கம் திரும்பாமலே எழுந்து போனார்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் செண்பகவல்லி நேரே என் கடை வாசலுக்கு ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி! கணக்கு சாருக்கு மேல்பல்லு இருக்கு!”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவளுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது.

*

அந்த வாரம் வாத்தியார் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். கழுகுமலைப் பக்கத்திலிருந்து அவருடைய பெரியப்பா மகன், யாரோ சொன்னதைக் கேட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வழி தெரியாமல் என் கடையில் கேட்டதால் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே குரலெடுத்து அழ ஆரம்பித்தார். தாயம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

“மச்சான், நிறுத்துங்க! இங்க யாரும் சாகலை. உங்க தம்பிக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு.”

“பின்னே மீசை?”

“அவரையே கேளுங்க. கட்டின பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் இப்படி வந்து நிக்காரு. தெருவில போறவளெல்லாம் நான் உயிரோட இருக்கேனான்னு எட்டிப் பாக்கா.”

வாத்தியார் உள்ளேயிருந்து வந்தார். அண்ணனின் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“யாருப்பா போனது?” என்று கேட்டார் அண்ணன்.

“யாரும் போகலை. ஒரு பிள்ளை வந்திருக்கு.”

அண்ணனுக்கு விளங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போனார்.

*

அடுத்த ஞாயிறு தளவாய் வந்தார். வாத்தியார் அப்போதுதான் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். தளவாய் நாற்காலியில் உட்காரவில்லை.

“ஐயா, உங்க வகுப்பில இப்ப அவளுக்கு விளங்குதாமே.”

“விளங்குது.”

“எனக்கும் எடுக்கணும்னுதான் இருக்கு.”

வாத்தியார் கழுத்தைத் துடைத்தார்.

“ஆனா உங்களுக்கு அப்பா இல்லை. எனக்கு இருக்காரு. அவர் இருக்கையில நான் மீசையை எடுத்தா, அவரைப் போயிருன்னு சொல்ற மாதிரி ஆகும்.”

“ம்.”

“நீங்க ஒரு வார்த்தை எடுன்னு சொல்லுங்க, எடுத்திருதேன்.”

“நான் சொல்லமாட்டேன்.”

“ஏன் ஐயா?”

வாத்தியார் ஈரத்துண்டால் தன் வாயை மூடிக்கொண்டு ஏதோ கேட்டார். பிறகு துண்டை எடுத்தார்.

“என்ன கேட்டேன்?”

“இன்னைக்கு மழை வருமான்னு கேட்டீங்க.”

“துண்டு மூடியிருந்ததே?”

“காது கேட்குதே ஐயா.”

“உனக்குக் கேட்குது” என்றார் வாத்தியார். துண்டைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுப் போனார்.

தளவாய் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். “சார், மேல ஏத்திக் கத்தரிச்சு விடட்டுமா?” என்று கேட்டேன். “மீசையும் இருக்கும், உதடும் தெரியும்.”

அவருக்கு முகம் மலர்ந்தது. உட்கார்ந்தார். நான் உதட்டுக்கு மேலே விரல்கடை தெரியும்படி மெலிதாகக் கத்தரித்துவிட்டேன்.

தளவாயின் அப்பா வேலாண்டி, கிராமத் தலையாரியாக இருந்தவர். அவருடைய மீசைக்கு வாரத்துக்கு ஒருமுறை நான் வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் தடவி முறுக்கிவிடுவேன். அந்தப் புதன்கிழமை போனபோது கிழவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். தளவாய் தூண் ஓரமாக நின்றார்.

“நாயகம், இது யார் செஞ்ச வேலை?”

“சார்தான் கேட்டாரு பெரியவரே.”

“ஏலே தளவாய், இது என்ன மீசையா, கரப்பான்பூச்சி மீசையா? நாளைக்கு முழுசும் எடுத்துக்கிட்டு வருவே. நான் இன்னும் மூச்சோடதான் இருக்கேன். யாருக்குடா கருமாதி செய்யுத?”

“ஒரு பிள்ளைக்குக் காது கேக்காதுப்பா. வாயைப் பாத்துத்தான்…”

“அதுக்கு நான் சாகணுமா?”

அதற்குப் பிறகு தளவாய் மீசையைக் கத்தரிக்கச் சொல்லவில்லை. அது மறுபடி இறங்கி உதட்டை மூடியது.

*

புரட்டாசியில் வாத்தியாரும் தளவாயும் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நான் சும்மா இருக்கலை ஐயா” என்றார் தளவாய். “அவளுக்காக எல்லாத்தையும் போர்டில எழுதிப் போடுறேன்.”

“நல்லது. எழுதும்போது பேசுவியா?”

“பேசாம எப்படி? விளக்கம் சொல்லிக்கிட்டேதான் எழுதுவேன்.”

“போர்டைப் பார்த்துக்கிட்டா?”

தளவாய் யோசித்தார். “ஆமா.”

“அப்ப அவளுக்கு முதுகு பேசுது.”

“நீங்களே சாயங்காலம் உங்க வீட்டில வச்சுச் சரித்திரத்தையும் சொல்லிக் குடுத்திருங்களேன் ஐயா.”

“சாயங்காலம் அவ தம்பி தங்கச்சியோட உட்கார்ந்து பெட்டி ஒட்டணும். அது கிடக்கட்டும். நாற்பது பேருக்குப் பகலில் கிடைக்கிறது அவளுக்கு மட்டும் ஏன் இருட்டின பிறகு?”

தளவாய்க்கு அது கோபமாகப் பட்டிருக்க வேண்டும். வாத்தியார் கோபமாகச் சொல்லவில்லை. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

அரைப் பரீட்சை முடிந்து, பொங்கலுக்கு முன்னால் தாள் திருத்திக் கொடுத்தார்கள். செண்பகவல்லி கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. மற்றப் பாடங்களில் நடுவாக வந்திருந்தாள். சரித்திரத்தில் பெயில்.

அன்று தளவாய் கையில் தாளோடு என் கடைக்கு வந்தார். வாத்தியார் உள்ளே இருந்தார்.

“ஐயா, கொஞ்சம் மார்க்தான் குறையுது. நான் போட்டுக் குடுத்திருதேன். முப்பிடாதிக்குத் தெரியவா போகுது?”

“அவகிட்டக் கேளு” என்றார் வாத்தியார்.

“முப்பிடாதிகிட்டயா?”

“தாள் எழுதினவகிட்ட.”

கேட்டருகே நின்ற செண்பகவல்லியைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். வந்தாள். தளவாய் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அவள் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் தலையாட்டினாள்.

“சரின்னுட்டா” என்றார் தளவாய்.

வாத்தியார் அவளுக்கு எதிரில் வந்து குனிந்தார். “சார் என்ன சொன்னாரு?”

அவள் வாத்தியாரையும் தளவாயையும் மாறிமாறிப் பார்த்தாள். மறுபடியும் தலையாட்டினாள்.

வாத்தியார் நிதானமாகச் சொன்னார். “மார்க் கூடப் போட்டு உன்னைப் பாஸாக்குறேங்காரு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “முழுப் பரிச்சைக்கும் போடுவாரா சார்?”

“போடுவாரு.”

“பதினொண்ணாங் கிளாசில தாளை வெளியூருக்கு அனுப்பிருவாங்களாமே. அங்க யாரு போடுவா?”

தளவாய் வாத்தியாரைப் பார்த்தார்.

“அப்ப வேண்டாம் சார்.”

தளவாய் கேட்டார். “விளங்கலைன்னா ஏம்மா தலையாட்டுற? விளங்கலைன்னு சொல்லக் கூடாதா?” சொல்லிவிட்டு, அவளுக்கு அதுவும் போய்ச் சேராது என்று உணர்ந்து வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

“விளங்கலைன்னு சொன்னா சார் இன்னொரு தடவை சொல்லுவாரு. அதுவும் விளங்காது” என்றாள் செண்பகவல்லி, அந்த ஒரே மட்டமான உரத்த குரலில். “அப்புறம் அவரு முகம் ஒரு மாதிரி ஆயிரும். பாவமா இருக்கும். அதான் தலையாட்டிருவேன்.”

தளவாய் தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

பொங்கல் கழிந்து முப்பிடாதி வந்தாள். வாத்தியார் கேட்டுக்கு வெளியே இறங்கி வந்து பேசினார்.

“இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கோயேன்.”

“நீங்க சரின்னு சொன்னீங்க சார்.”

“சொன்னேன்.”

“அவ மக்குன்னா நான் எப்பவோ நிறுத்தியிருப்பேன். அதுதான் வயித்தெரிச்சலா இருக்கு. ஆனா அஞ்சு வாய்க்கு நான் ஒருத்தி சார்.”

வாத்தியார் அதற்குமேல் கேட்கவில்லை. அம்மாவும் மகளும் தெருவில் போனார்கள். செண்பகவல்லி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வாத்தியார் ஏதாவது சொல்வார், சொன்னால் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தாளோ என்னவோ. வாத்தியார் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

“நீங்க சாயங்காலம் சொல்லிக் குடுத்திருந்தா இவ பாஸாயிருப்பா ஐயா” என்றார் தளவாய், பின்னாலிருந்து.

“இருக்கலாம்” என்றார் வாத்தியார்.

*

மாசி மாதம் தலையாரி வேலாண்டி இறந்துபோனார். காரியத்தன்று கண்மாய்க் கரையில் வைத்து நான்தான் தளவாய்க்கு மொட்டையடித்து மீசையை எடுத்தேன். கத்தி மேலுதட்டுக்கு வந்தபோது அவர் உடம்பு குலுங்கிற்று. அப்பாவை நினைத்து அழுகிறார் என்று சுற்றி நின்றவர்கள் தோளைத் தட்டினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜருக்கு முடிவெட்ட, என் பெட்டியோடு அங்கே போயிருந்தேன். வேப்பமரத்தடியில் அவர் வருவதற்காகக் காத்திருந்தபோது வெயிலுகந்தன் வாத்தியாரும் தளவாயும் வந்தார்கள். வாத்தியார் கேட்டுக்கொண்டதால் செண்பகவல்லியை வெளியே அனுப்பினார்கள். விரல்களில் தீக்குச்சி மருந்து அப்பிக் காய்ந்திருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

தளவாயின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் நின்றாள். மேலுதட்டைப் பார்த்தாள்.

“யாரு சார் செத்தது?”

“அப்பா” என்றார் தளவாய்.

அவள் அவர் உதட்டையே பார்த்தாள். தன் வாயால் சத்தமில்லாமல் அதைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண் விரிந்தது.

“அப்பா! அப்பான்னு சொன்னீங்க. எனக்குத் தெரியுது சார்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கு அது துக்கச் செய்தி என்று உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வேற சொல்லட்டுமா?” என்றார் தளவாய்.

தலையாட்டினாள்.

“பள்ளிக்கூடத்துக்கு வா. நான் பாடம் நடத்துறேன்.”

“பள்ளிக்கூடத்துக்கு வா” என்று திருப்பிச் சொன்னாள். “நான் பாடம் நடத்துறேன்.”

ஒரு சொல்கூடத் தவறவில்லை. தளவாய் அழுதார். எங்கள் முன்னால்தான் அழுதார்.

“அம்மா விடமாட்டா சார்” என்றாள் அவள். “தம்பியை இப்ப பள்ளிக்கூடத்தில சேத்தாச்சு. அவனுக்கு வேண்டியதெல்லாம் நான் அடுக்குற கட்டையிலதான் வருது.”

உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைக் கத்திக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு பிள்ளை ஓடிவந்து தோளைத் தொட்டது. செண்பகவல்லி திரும்பி, எங்கள் மூவரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

வாத்தியார் முப்பிடாதியிடம் அன்றைக்கும் போய்க் கேட்டார். அவள் அதையேதான் சொன்னாள்.

திரும்பி வரும்போது மூன்று பேரும் ரயில் ரோட்டோரமாக நடந்தோம். தளவாய் கை அடிக்கடி மேலுதட்டுக்குப் போயிற்று. ரோமம் குத்த ஆரம்பித்திருந்தது.

“ஐயா.”

“ம்.”

“இனி அப்படி ஒரு பிள்ளை வந்தா, அன்னைக்கே எடுத்திருவேன். யார் என்ன சொன்னாலும் சரி.”

வாத்தியார் நின்றார். திரும்பி, தளவாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் தெரியும்படி கேட்டார்.

“வந்த பிறகா?”

தளவாயின் கை மேலுதட்டுக்குப் போயிற்று. வீடுவரைக்கும் அதை எடுக்கவில்லை.

*

அடுத்த ஞாயிறு அவர் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து மேலுதட்டைக் காட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு வாரமும் தவறவில்லை. போர்டில் எழுதி முடித்துத் திரும்பி நின்ற பிறகுதான் பேசுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். வெளியூர்க்காரர்கள் யார் தவறியது என்று கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்.

செண்பகவல்லி ஆபீஸிலேயே இருந்தாள். கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாள். தளவாய் தன் வகுப்பில் ஒரு முன்பெஞ்சை எப்போதும் காலியாகவே வைத்திருந்தார். அத்தனை வருஷத்தில் காது கேளாத பிள்ளை ஒன்றுகூட அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர வரவில்லை.